விமானம் மாறுவதற்கும் விசாவா? ட்ரான்சிட் விதிகளின் பின்னணி

பாரிஸில் ஏறி தாஹித்தித் தீவின் பப்பீத்தேயில் இறங்கும் ஒருவர், சட்டப்படி பார்த்தால் பிரான்ஸின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குப் போகிறார், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தடத்தில் போகும் விமானம் பெரும்பாலும் நடுவில் லாஸ் ஏஞ்சலிஸில் நின்று எண்ணெய் நிரப்பிக்கொள்ளும். அந்தக் கொஞ்ச நேரத்துக்காக, பிரெஞ்சுக் குடிமகனாகவே இருந்தாலும், அமெரிக்காவிடம் முன்கூட்டியே ‘எஸ்டா’ என்ற இணைய அனுமதியோ விசாவோ வாங்கியிருக்க வேண்டும். எல்லோரும் இறங்க வேண்டும், அமெரிக்க இமிக்ரேஷன் அதிகாரி முன் நிற்க வேண்டும், பிறகு அதே விமானத்தில் போய் உட்கார வேண்டும். அனுமதி இல்லாதவரை பாரிஸிலேயே ஏற்ற மாட்டார்கள்.

‘நான்தான் ஏர்போர்ட்டை விட்டு வெளியே போகவே போவதில்லையே, எனக்கு எதற்கு விசா?’ என்று கேட்பவர்களுக்கு இந்தத் தடம் நல்ல பதில். வெளியே போகிறீர்களா இல்லையா என்பது விதியின் ஒரு பகுதிதான். எந்த நாட்டு பாஸ்போர்ட், எந்த விமான நிலையம், டிக்கெட் ஒன்றா இரண்டா, பெட்டி எங்கே வந்து விழும், கையில் வேறு எந்த நாட்டு விசா இருக்கிறது என்று இத்தனையும் சேர்ந்துதான் விடை வரும். எத்தனை மணி நேரம் காத்திருக்கிறோம் என்பதைத்தான் பலரும் முதலில் கேட்கிறார்கள். பல நாடுகளில் அது கடைசியில் வரும் கேள்வி. இரண்டு மணி நேரக் காத்திருப்புக்கு விசா கேட்கும் நாடும் உண்டு, விசாவே இல்லாமல் பத்து நாள் ஊர் சுற்ற விடும் நாடும் உண்டு.

யாருக்கும் சொந்தமில்லாத இடமா?

விமானத்திலிருந்து இறங்கி, இமிக்ரேஷன் கவுன்டரைத் தாண்டாமல், அடுத்த விமானத்துக்குப் போகும் வழியில் உள்ள இடத்தைத்தான் ட்ரான்சிட் பகுதி என்கிறோம். அது எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத இடம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அரசாங்கங்களே அப்படிச் சொல்லி வாதாடிப் பார்த்திருக்கின்றன. 1992 மார்ச்சில் சோமாலியாவைச் சேர்ந்த உடன்பிறந்தவர்கள் நான்கு பேர் சிரியா வழியாக பாரிஸின் ஓர்லி விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். உள்ளே விடவில்லை, 20 நாட்கள் ட்ரான்சிட் பகுதியிலும் அதை ஒட்டிய ஹோட்டலிலும் காவலில் வைத்து, பிறகு சிரியாவுக்கே திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் எப்போது வேண்டுமானாலும் வேறு நாட்டுக்குப் போயிருக்கலாம், எனவே நாங்கள் யாரையும் அடைத்து வைக்கவில்லை என்பது பிரான்ஸின் வாதம்.

1996 ஜூனில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பெயரில் ‘சர்வதேசப் பகுதி’ என்று இருந்தாலும் அது பிரெஞ்சு மண்தான், பிரெஞ்சுச் சட்டம் அங்கே பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வருவதற்கு முன்பே, 1992 ஜூலையில், பிரான்ஸ் ‘காத்திருப்புப் பகுதி’ என்ற ஒன்றைச் சட்டத்திலேயே உருவாக்கிவிட்டது. அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

ஆகவே ட்ரான்சிட் பகுதியில் உட்கார்ந்து காபி குடிப்பவர் சட்டத்தின் பார்வையில் அந்த நாட்டு மண்ணில்தான் இருக்கிறார். நாட்டுக்குள் ‘நுழையவில்லை’ என்று அந்த நாடு அவரைக் கருதிக்கொள்கிறது, அவ்வளவுதான். அந்தச் சலுகையை யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்பது அந்த நாட்டின் விருப்பம். ட்ரான்சிட் விசா என்பது அந்தச் சலுகைக்கு முன்அனுமதி.

பயம் எங்கிருந்து வந்தது

சர்வதேச விமானப் போக்குவரத்தின் அடிப்படை ஆவணம் 1944ஆம் ஆண்டின் சிகாகோ ஒப்பந்தம். அதன் ஒன்பதாவது இணைப்பு பயணிகளுக்கான வசதிகளைப் பற்றியது. ஒரு விமானத்தில் வந்து அதே நாளில் அதே நிலையத்திலிருந்து மூன்றாவது நாட்டுக்குப் போகிறவர்களிடம் விசா கேட்க வேண்டிய நாடுகளின் பட்டியலை முடிந்தவரை சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அது சொல்கிறது. ரயில் ஜங்ஷனில் வண்டி மாறுவது போல எல்லோரும் மாறிப் போகட்டும் என்பது அந்தக் காலத்து எதிர்பார்ப்பு.

எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து இது மாறத் தொடங்கியது. மேற்கு நாடுகளுக்கு விசா கிடைக்காதவர்கள், வேறு ஏதோ ஒரு நாட்டுக்கு டிக்கெட் எடுத்து, நடுவில் விமானம் மாறும் இடத்தில் தஞ்சம் கேட்கலாம் என்பதைக் கண்டுகொண்டார்கள். போரிலிருந்து தப்புகிறவருக்கு அது பெரும்பாலும் கடைசி வழி. அரசாங்கங்களுக்கோ அது சுவரில் விழுந்த ஓட்டை.

தமிழர்களும் இந்த வரலாற்றில் இருக்கிறார்கள். 1987 பிப்ரவரியில் இலங்கையிலிருந்து தப்பி ஹீத்ரோ வந்து சேர்ந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழர்கள் தஞ்சம் கேட்டார்கள். அவர்களைத் திருப்பி அனுப்ப விமானத்தில் ஏற்ற முயன்றபோது, விமானத் தளத்திலேயே ஆடைகளைக் களைந்து எதிர்ப்புக் காட்டினார்கள். பிரிட்டனே அதிர்ந்தது. சில வாரங்களுக்குள் உள்துறை அமைச்சர் டக்ளஸ் ஹர்ட் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார்: உரிய ஆவணம் இல்லாத ஒருவரை ஏற்றி வரும் விமான நிறுவனம் ஆளுக்கு 1,000 பவுண்டு அபராதம் கட்ட வேண்டும். பிறகு அது 2,000 ஆனது. இந்த யோசனை வேகமாகப் பரவியது. ஐரோப்பிய ஒன்றியம் 2001இல் இயற்றிய வழிகாட்டுச் சட்டம் ஆளுக்கு விதிக்கும் அபராதம் குறைந்தபட்சம் 3,000 யூரோ என்றோ, உச்சவரம்பு 5,000 யூரோவுக்குக் குறையாமலோ இருக்க வேண்டும் என்றது. அமெரிக்கச் சட்டத்திலும் இதே போன்ற அபராதம் உண்டு.

ட்ரான்சிட் விசாவும் இதே ஓட்டத்தில் வந்ததுதான். 1996 மார்ச்சில் ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து, விமான நிலையத்தை விட்டு வெளியேறாவிட்டாலும் விசா வேண்டும் என்று பத்து நாடுகளின் பட்டியல் ஒன்றைப் போட்டன. ஆப்கானிஸ்தான், ஈராக், சோமாலியா, எத்தியோப்பியா என்று போகும் அதில் இலங்கையும் இருந்தது. தங்களுக்குள் எல்லைச் சோதனை வைத்துக்கொள்ளாத ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்தான் ஷெங்கன்; அதன் இன்றைய பொதுப் பட்டியலில் 12 நாடுகள்: ஆப்கானிஸ்தான், வங்கதேசம், காங்கோ ஜனநாயகக் குடியரசு, எரித்ரியா, எத்தியோப்பியா, கானா, ஈரான், ஈராக், நைஜீரியா, பாகிஸ்தான், சோமாலியா, இலங்கை. இலங்கையில் போர் 2009இல் முடிந்தது. பட்டியலில் பெயர் அப்படியே இருக்கிறது. இத்தகைய பட்டியல்களில் பெயர் ஏறுவது எளிது, இறங்குவது அபூர்வம்.

தீர்ப்பு சொல்வது செக்-இன் கவுன்டர்

அபராதச் சட்டம் வந்த பிறகு எல்லைக் காவல் இடம் மாறிவிட்டது. ட்ரான்சிட் நாட்டின் இமிக்ரேஷன் அதிகாரியை நீங்கள் பார்க்கப்போவதே இல்லை என்றாலும், அவருடைய வேலையைச் செய்பவர் நீங்கள் புறப்படும் ஊரின் செக்-இன் கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறார். அவர் அரசு ஊழியர் அல்ல, பல நேரங்களில் அந்த விமான நிறுவனத்தின் நேரடி ஊழியர்கூட அல்ல, ஒப்பந்த நிறுவனத்தின் ஆள்.

அவர் என்ன செய்கிறார் என்று கவனித்திருப்பீர்கள். பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்கிறார். தட்டித் தட்டிப் பார்க்கிறார். பக்கங்களைப் புரட்டுகிறார். சில நேரம் பக்கத்துக் கவுன்டர்காரரை அழைத்துத் திரையைக் காட்டுகிறார். அந்தத் திரையில் இருப்பது பெரும்பாலும் ‘டிமாட்டிக்’. விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான ஐயாட்டா நடத்தும் தரவுத்தளம் அது. உங்கள் நாடு, பாஸ்போர்ட் வகை, போகும் இடம், நடுவில் இறங்கும் இடங்கள், கையில் உள்ள மற்ற விசாக்கள் எல்லாவற்றையும் கொடுத்தால், விசா வேண்டுமா வேண்டாமா என்று சொல்லும், விதிவிலக்குகளையும் வரிசையாகச் சொல்லும். அந்த விதிவிலக்குகளை நிதானமாகப் படிக்க கவுன்டரில் யாருக்கும் நேரம் இருப்பதில்லை, பின்னால் நீண்ட வரிசை நிற்கிறது. நாட்டின் சட்டம் உங்களை அனுமதித்தாலும், அவர் திரையைப் படித்த விதத்தில் இடம் கிடைக்காமல் போன கதைகள் இப்படித்தான் உருவாகின்றன.

அவருடைய நிலையையும் பார்க்க வேண்டும். தவறாக ஏற்றினால் நிறுவனத்துக்கு அபராதம். அதோடு, திருப்பி அனுப்பப்படும் பயணியை, இந்தத் துறையினர் ‘இனாட்’ என்று அழைக்கும் அந்த ஆளை, அழைத்து வந்த நிறுவனம்தான் திரும்பக் கொண்டுபோக வேண்டும். தவறாக மறுத்தாலோ பெரும்பாலும் ஒரு புகார்க் கடிதத்தோடு முடிந்துவிடும். சந்தேகம் வந்தால் மறுத்துவிடுவதே அவருக்குப் பாதுகாப்பு. இந்த ஏற்பாட்டின் பெரிய குறை இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: எல்லை பற்றிய முடிவை, சட்டத்தை விளக்கும் அதிகாரமோ மேல்முறையீட்டு வழியோ இல்லாத ஒரு மேசைக்குத் தள்ளிவிட்டார்கள்.

உட்கார இடமே தராத நாடுகள்

அமெரிக்காவில் ட்ரான்சிட் பகுதி என்ற ஒன்று நடைமுறையில் கிடையாது. வெளிநாட்டிலிருந்து வரும் எல்லோரும் இமிக்ரேஷனைக் கடந்து, பெட்டியை எடுத்து, கஸ்டம்ஸைத் தாண்டி, மறுபடியும் பாதுகாப்புச் சோதனைக்குப் போய்த்தான் அடுத்த விமானத்தைப் பிடிக்க வேண்டும். முன்பு விசா இல்லாமல் மாறிப் போக இரண்டு திட்டங்கள் இருந்தன. பயங்கரவாதிகள் அதைப் பயன்படுத்தக்கூடும் என்ற உளவுத் தகவலைக் காட்டி 2003 ஆகஸ்ட் 2 அன்று இரண்டையும் நிறுத்திவைத்தார்கள். ‘நிறுத்திவைப்பு’ என்ற பெயரில் இருபது ஆண்டுகள் தாண்டிவிட்டன. இப்போது எஸ்டா தகுதி உள்ள நாட்டவர் அதை வாங்க வேண்டும், மற்றவர்களுக்கு சி-1 என்ற ட்ரான்சிட் விசா அல்லது ஏற்கெனவே உள்ள சுற்றுலா விசா. சி-1 விசாவுக்கும் சுற்றுலா விசாவுக்கு உள்ள அதே 185 டாலர் கட்டணம், அதே நேர்காணல். மெக்சிகோவுக்கோ பெருவுக்கோ போகிறவர் அமெரிக்கா வழியாக மலிவு டிக்கெட் கிடைத்தது என்று மகிழும் முன் இதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இதற்குப் பாதுகாப்பு மட்டும் காரணம் அல்ல என்று நினைக்கிறேன். அமெரிக்க விமான நிலையங்களுக்குச் சொந்த நாட்டுப் பயணிகளே போதும். இரண்டு வெளிநாடுகளுக்கு நடுவே மாறிப் போகிறவர்களை நம்பி அவை பிழைக்கவில்லை. அவர்களுக்கென்று தனி வழியும் தனி லவுஞ்சும் கட்ட அவசரமும் இல்லை.

கனடாவில் ட்ரான்சிட் விசாவுக்குக் கட்டணம் கிடையாது, 48 மணி நேரத்துக்குள் போய்விட வேண்டும். கட்டணம் இல்லையே தவிர, விண்ணப்பம், கைரேகை, காத்திருப்பு எல்லாம் உண்டு. அமெரிக்க விசா வைத்திருக்கும் சீனா, இந்தோனேசியா, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ், தைவான் பயணிகளுக்கு மட்டும் சில நிபந்தனைகளோடு விலக்கு இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் குறிப்பிட்ட நாட்டவர் 8 மணி நேரத்துக்குள் ட்ரான்சிட் லவுஞ்சை விட்டு நகராமல் போய்விட்டால் விசா வேண்டாம். மற்றவர்களுக்கு 72 மணி நேரம் வரைக்கான இலவச ட்ரான்சிட் விசா. நியூசிலாந்து 2019 அக்டோபர் முதல், விசா விலக்கு பெற்ற நாட்டவர் ஆக்லாந்தில் விமானம் மாறினாலும் மின்னணு அனுமதி வேண்டும் என்றுவிட்டது.

பிரிட்டன் இரண்டு அடுக்கு வைத்திருக்கிறது. சில நாட்டவருக்கு இமிக்ரேஷனைத் தாண்டாமல் மாறுவதற்கே தனி விசா வேண்டும். மற்றவர்களுக்கு, தாண்டினால்தான் விசா. தாண்டுகிறவர் வந்த மறுநாள் இரவு 11.59க்குள் வெளியேற வேண்டும். அமெரிக்க, கனடிய, ஆஸ்திரேலிய, நியூசிலாந்து விசா வைத்திருந்தால் இரண்டிலும் சலுகை உண்டு. 2025 ஜனவரியில் விசா தேவைப்படாத, ஐரோப்பியர் அல்லாத நாட்டவருக்கும் இ.டி.ஏ. என்ற மின்னணு அனுமதியைக் கட்டாயமாக்கியபோது சுவாரஸ்யமான ஒன்று நடந்தது. உள்ளே நுழையாமல் மாறிப் போகிறவர்களும் இதை வாங்க வேண்டும் என்றால் அவர்கள் ஹீத்ரோவை விட்டுவிட்டு ஐரோப்பாவின் மற்ற நிலையங்களுக்குப் போய்விடுவார்கள் என்று விமானத் துறை கூச்சல் போட்டது. திட்டம் விரிவான சில நாட்களிலேயே, ஜனவரி 16 முதல், ஹீத்ரோவிலும் மான்செஸ்டரிலும் அப்படி மாறுகிறவர்களுக்கு விலக்கு கிடைத்தது. ட்ரான்சிட் விதி எவ்வளவு தூரம் எல்லைப் பாதுகாப்பு, எவ்வளவு தூரம் வியாபாரம் என்பதை அந்தச் சில நாட்கள் காட்டிக்கொடுத்தன.

ஷெங்கன் விஷயம் இன்னும் சிக்கல். பொதுப் பட்டியலில் உள்ள 12 நாடுகள் போக, ஒவ்வொரு உறுப்பு நாடும் தனியாகவும் சில நாடுகளைச் சேர்த்துக்கொள்ளலாம். அதனால் ஒரே பாஸ்போர்ட் ஒரு ஐரோப்பிய நகரில் விசா இல்லாமல் மாறலாம், பக்கத்து நாட்டு நகரில் முடியாது என்ற நிலை வரும். ‘ஏ’ வகை எனப்படும் இந்த ட்ரான்சிட் விசாவின் கட்டணம் 90 யூரோ, சுற்றுலா விசாவுக்கும் அதேதான். அமெரிக்க, கனடிய, ஜப்பானிய விசா செல்லுபடியாக இருந்தால் விலக்கு. பிரிட்டிஷ் விசாவுக்கு முன்பு இருந்த விலக்கு, பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகிய பிறகு போய்விட்டது. பழைய வலைப்பதிவுகளையும் தெரிந்தவர்களின் பழைய அனுபவத்தையும் நம்பிப் போகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்களில் இது ஒன்று.

டிக்கெட்டில் ஒளிந்திருக்கும் எல்லை

பாஸ்போர்ட்டும் நாடும் சரியாக இருந்தாலும் டிக்கெட் காலை வாரிவிடும். இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

நைரோபியிலிருந்து கொலம்பியாவின் போகோட்டாவுக்கு ஒருவர் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வழி: நைரோபி, ஃபிராங்க்ஃபர்ட், மாட்ரிட், போகோட்டா. ஒரே டிக்கெட், பெட்டியும் நேராகப் போகிறது, எங்கும் வெளியே போகப்போவதில்லை. ஆனாலும் ஷெங்கன் விசா தேவைப்படுபவராக இருந்தால் இந்தப் பயணத்துக்கு ட்ரான்சிட் விசாகூடப் போதாது, முழு ஷெங்கன் விசா வேண்டும். ஏனென்றால் ஷெங்கன் பகுதியின் 29 நாடுகளும் எல்லை விஷயத்தில் ஒரே நாடு மாதிரி. ஃபிராங்க்ஃபர்ட்–மாட்ரிட் என்பது உள்நாட்டு விமானம். அதில் ஏற வேண்டுமானால் ஃபிராங்க்ஃபர்ட்டிலேயே எல்லைக்குள் நுழைந்தாக வேண்டும். அமெரிக்க விசா ‘ஏ’ வகை விசாவிலிருந்துதான் விலக்குத் தரும், இதிலிருந்து தராது. நடுவில் ஒரே ஒரு ஷெங்கன் நிலையம் என்றால் பிரச்சினை இல்லை, இரண்டு என்றால் கதை மாறிவிடும். டிக்கெட் தேடும் தளங்கள் இந்த வித்தியாசத்தைப் பெரிதாகக் காட்டுவதில்லை, விலையைத்தான் காட்டுகின்றன. எந்த நாட்டிலும் உள்நாட்டு விமானம் ஒன்று நடுவில் இருந்தால் அந்த நாட்டுக்குள் நுழைவதாகத்தான் பொருள்.

அடுத்தது தனித்தனி டிக்கெட். இரண்டு நிறுவனங்களில் தனித்தனியாக எடுத்தால் செலவு குறையும். ஆனால் முதல் நிறுவனத்தைப் பொறுத்தவரை உங்கள் பயணம் நடுவில் உள்ள ஊரோடு முடிந்துவிடுகிறது. பெட்டி அங்கேயே பெல்ட்டில் வந்து விழும். பெல்ட் இருப்பது இமிக்ரேஷனுக்கு அந்தப் பக்கம். அடுத்த நிறுவனத்தின் செக்-இன் கவுன்டரும் அந்தப் பக்கம்தான். ஆக, நுழைவு விசா இல்லாமல் பெட்டியைத் தொடவே முடியாது. செக்-இன் செய்யும்போது பெட்டியில் ஒட்டும் பட்டையைப் பாருங்கள்: அதில் பெரிதாக அச்சாகியிருக்கும் மூன்றெழுத்து உங்கள் கடைசி ஊருடையதா, நடுவில் உள்ள ஊருடையதா என்பது அப்போதே தெரிந்துவிடும். கைப்பையோடு மட்டும் போகிறவர், அடுத்த போர்டிங் பாஸை இணையத்திலேயே எடுத்துவிட்டவர், ட்ரான்சிட் பகுதியிலேயே இருந்து மாறிவிட முடியலாம். ஆனால் முதல் நிறுவனம் அந்த இரண்டாவது டிக்கெட்டை ஒரு தொடர் பயணமாக ஏற்றுக்கொள்ளுமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். குறைந்த கட்டண நிறுவனங்கள் பலவும் ஏற்பதில்லை. ஏற்காவிட்டால் நடுவில் உள்ள ஊரையே உங்கள் கடைசி ஊராகக் கொண்டு, அதற்கு விசா கேட்பார்கள்.

நகரம் ஒன்று, விமான நிலையம் இரண்டு என்பது இன்னொரு பொறி. டோக்கியோவில் நரிட்டா, ஹனேடா. பாங்காக்கில் சுவர்ணபூமி, டான் மியூவாங். இஸ்தான்புல்லில் ஐரோப்பியக் கரையில் ஒன்று, ஆசியக் கரையில் சபிஹா கோக்சென். லண்டனில் ஹீத்ரோ, கேட்விக், இன்னும் பல. டிக்கெட்டில் ஊர் பெயர் மட்டும் பார்த்துவிட்டு மூன்று மணி நேர இடைவெளி போதும் என்று எடுத்துவிட்டால், நேரமும் போதாது, விசாவும் இருக்காது. சில நிலையங்களில் இரவில் ட்ரான்சிட் பகுதியை மூடிவிடுவதும் உண்டு. அங்கே இரவுத் தங்கல் என்றால் உள்ளே நுழையும் அனுமதி வேண்டும்.

வா வா என்று அழைப்பவர்கள்

மாறிப் போகிறவர்களை நம்பியே வளர்ந்த நகரங்கள் வேறு கணக்குப் போடுகின்றன. துபாய், தோஹா, சிங்கப்பூர் போன்ற இடங்களில் ட்ரான்சிட் பகுதிக்குள் இருப்பதற்கு விசா கேட்டால் தொழிலே படுத்துவிடும். பகுதிக்குள்ளேயே ஹோட்டல் வைத்திருக்கிறார்கள், இமிக்ரேஷனைத் தாண்டாமலே அறை எடுத்துத் தூங்கலாம். ஊருக்குள் வருகிறவருக்கும் கதவு திறந்திருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகம் விமான நிறுவனம் வழியாக 48 மணி நேர ட்ரான்சிட் விசாவை இலவசமாகவும் 96 மணி நேரத்தை 50 திர்ஹாமுக்கும் தருகிறது. சவுதி அரேபியா 2023 ஜனவரியில் தன் நாட்டு நிறுவனங்களில் பறப்பவர்களுக்கு 96 மணி நேர இலவச விசாவைத் தொடங்கியது. சிங்கப்பூரில் இந்தியர்கள் உட்பட சில நாட்டவர், அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், ஆஸ்திரேலியா போன்ற குறிப்பிட்ட நாடுகளில் ஒன்றின் விசா கையில் இருந்தால் 96 மணி நேரம் விசா இல்லாமல் இருக்கலாம். ஜப்பானில் ‘ஷோர் பாஸ்’ என்று 72 மணி நேரம் வரை ஒரு அனுமதி உண்டு. ஆனால் அதை நிலையத்தில் இறங்கிய பிறகு அதிகாரிதான் தருவார், மறுக்கவும் செய்யலாம். அதை நம்பி ஹோட்டலுக்குப் பணம் கட்டுவது துணிச்சல்தான்.

எல்லோரையும் மிஞ்சியது சீனா. 2013இல் பெய்ஜிங், ஷாங்காயில் 72 மணி நேரமாகத் தொடங்கி, பிறகு 144 ஆகி, 2024 டிசம்பர் 17 முதல் 240 மணி நேரம், அதாவது பத்து நாள். இது குறிப்பிட்ட ஐம்பத்துச் சொச்சம் நாட்டவருக்கு மட்டும், இந்தியாவும் இலங்கையும் அதில் இல்லை. ஆனால் பெரும்பாலான நாட்டவருக்கு 24 மணி நேர ட்ரான்சிட் விலக்கு தனியாக இருக்கிறது. இரண்டிலும் ஒரு கண்டிப்பு உண்டு: வந்த நாடு வேறு, போகும் நாடு வேறாக இருக்க வேண்டும். நியூயார்க்கிலிருந்து ஷாங்காய் வந்து நியூயார்க்குக்கே திரும்புகிறவர் ட்ரான்சிட் பயணி அல்ல. ஷாங்காயிலிருந்து ஹாங்காங் போகிறவர் ட்ரான்சிட் பயணி. சீனாவின் பகுதியாக இருந்தாலும் இந்தக் கணக்கில் ஹாங்காங் தனி இடம்.

எதிர்த் திசையில் போனது எல் சால்வடோர். அமெரிக்க எல்லையை நோக்கிப் போகிறவர்கள் அந்த வழியாக அதிகம் வருகிறார்கள் என்ற நெருக்கடிக்கு நடுவே, 2023 அக்டோபரில் இந்தியா, ஆப்பிரிக்க நாடுகள் உட்பட 57 நாடுகளின் பயணிகள் அங்கே விமானம் மாற வரியோடு சேர்த்து 1,130 டாலர் கட்ட வேண்டும் என்றது. விசா இல்லை, வெறும் கட்டணம். பெயர் என்னவோ விமான நிலைய மேம்பாட்டுக்கு என்றுதான் வைத்தார்கள்.

நினைத்திராத ஊரில் இறங்கினால்

திட்டமிட்ட நிறுத்தத்துக்குத்தான் இத்தனை விதிகள். விமானம் பழுதாகி வேறெங்கோ இறங்கினால்? 2024 டிசம்பர் 1 அன்று பஹ்ரைனிலிருந்து மான்செஸ்டர் புறப்பட்ட விமானம் ஒன்று இயந்திரக் கோளாறால் குவைத்தில் இறங்கியது. ஐரோப்பிய, அமெரிக்க பாஸ்போர்ட் வைத்திருந்தவர்கள் குவைத்தில் இறங்கியதும் விசா பெறக்கூடியவர்கள், ஹோட்டலுக்குப் போக முடிந்தது. இந்தியர்களுக்கு அந்த வசதி இல்லை. இந்தியத் தூதரக அதிகாரிகள் வந்து பேசி லவுஞ்சில் இடம் வாங்கித் தரும் வரை நிலையத்துக்குள்ளேயே பல மணி நேரம் கிடந்தார்கள். ஒரே விமானம், ஒரே கோளாறுதான்.

2023 டிசம்பர் 21 அன்று பிரான்ஸின் வாத்ரி என்ற சின்ன விமான நிலையத்தில் எண்ணெய் நிரப்ப இறங்கிய வாடகை விமானத்தின் கதை இன்னும் வினோதம். அமீரகத்திலிருந்து நிகராகுவா போன அதில் 303 பேர், பெரும்பாலும் இந்தியர்கள். ஆள் கடத்தல் சந்தேகத்தில் விமானத்தைத் தடுத்து நிறுத்தினார்கள். பயணிகளை எங்கே வைப்பது? 1992இல் உருவாக்கிய அந்தக் ‘காத்திருப்புப் பகுதி’ சட்டம்தான் கை கொடுத்தது: நிலையத்தின் கூடத்தையே காத்திருப்புப் பகுதியாக்கி, கட்டில் போட்டு, நீதிபதிகளை அங்கேயே வரவழைத்து விசாரணை நடத்தினார்கள். நான்கு நாள் கழித்து 276 பேரோடு விமானம் மும்பைக்குப் புறப்பட்டது.

இப்படிப்பட்டதை முன்கூட்டித் தவிர்க்க வழியில்லை. தவிர்க்கக்கூடியது டிக்கெட் வாங்கும் நேரத்தில் நடப்பதுதான். ‘பணம் கட்டு’ பொத்தானை அழுத்தும் முன் அந்தப் பயணத்தின் ஒவ்வொரு நிறுத்தத்தையும் தனித்தனியாக, நிலையத்தின் பெயரோடு, எழுதிப் பார்ப்பது நல்லது. பிறகு அந்தந்த நாட்டு இமிக்ரேஷன் துறையின் இணையதளம். அதற்கப்புறம், பறக்கப்போகும் நிறுவனத்தின் இணையதளத்திலோ ஐயாட்டாவின் பயணத் தகவல் பக்கத்திலோ டிமாட்டிக் என்ன சொல்கிறது என்பது. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளலாம். தொலைபேசியில் ‘ஒன்றும் பிரச்சினை இல்லை சார்’ என்று சொன்னவர் செக்-இன் கவுன்டரில் உட்கார்ந்திருக்க மாட்டார். விதிவிலக்கை நம்பிப் போகிறீர்கள் என்றால் அந்தப் பத்தியை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள். கவுன்டரில் மறுத்தால் மேற்பார்வையாளரைக் கேட்கவும், அவர் மறுபடி திரையைப் படிக்கவும் அந்த ஒரு மணி நேரம் வேண்டும். ஆவணம் உண்மையிலேயே குறைந்திருந்து ஏற்ற மறுப்பதை ஐரோப்பிய ஒன்றியத்தின் பயணி இழப்பீட்டுச் சட்டம்கூட ‘ஏற்ற மறுத்தல்’ என்று கணக்கில் கொள்வதில்லை. அங்கே பயணிக்கு எந்தத் தொகையும் வராது.

முதல் கட்டத்தில் ஏறாமல் விட்டால் அதே டிக்கெட்டில் உள்ள மீதிக் கட்டங்களும், திரும்பும் பயணமும் சேர்த்து, பெரும்பாலும் தானாக ரத்தாகிவிடும். அப்படி மறுக்கப்பட்டால், கவுன்டரை விட்டு நகரும் முன்பே மீதி டிக்கெட்டை உயிரோடு வைத்திருக்க முடியுமா, வேறு வழியாகத் திருப்பிவிட முடியுமா என்று கேட்டுவிடுங்கள். விமானம் போன பிறகு கேட்டால் புது டிக்கெட் விலைதான் சொல்வார்கள்.